சாமி கண்ணைக் குத்தும்

மேற்கு மாரெட்பள்ளியில் நான் காலை நடை போகும் தெருவில் நீளமான காம்பவுண்டுச் சுவர் ஒன்று உண்டு. முழங்கால் உயரத்துக்கு அதில் சாமி டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். முதலில் திருப்பதி வெங்கடாசலபதி, அடுத்து ஷீரடி சாய்பாபா, அப்புறம் நெஞ்சில் கைவைத்த ஏசுநாதர், காபா, குருநானக், துர்க்கை, மறுபடியும் வெங்கடாசலபதி. ஈரடிக்கு ஒன்று. வெள்ளை சிமென்ட் வைத்து ஒட்டியவை. எதற்காக என்று நம் ஊர்த் தெருக்களில் நடந்த யாருக்கும் விளக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். தெருவில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் அவர் மாமா. கன்டோன்மென்டையும் ரயில்வேயையும் நம்பி வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் மாரெட்பள்ளியில் நிறைய. அவருடையதும் அப்படி வந்ததுதான்.

"மூணு பாஷைல போர்டு எழுதி வெச்சேன். தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ். போர்டு மேலேயே போனான். அபராதம்னு எழுதினேன், அதுக்கும் அசரலை. கடைசில எங்காத்து மாமிதான் சொன்னா, சாமியை வெச்சுடுங்கோன்னு. வெச்ச மறுநாளே நின்னுடுத்து" என்றார்.

உண்மைதான். ஆனால் சுவரின் கடைசி வெங்கடாசலபதியைத் தாண்டி, மின்கம்பம் நிற்கும் மூலையில் டைல்ஸ் இல்லை. அங்கே பூச்சு உதிர்ந்து, இடுப்பளவுக்கு உப்புப் பூத்து, அடியில் ஈரமாகவே கிடந்தது. சாய்பாபாவுக்கு முன்னால் யாரோ கனகாம்பரச் சரம் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பூவிலிருந்து பத்தடி நடந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

மனிதனை நல்லவனாக்குவது மதமா, மதம் இல்லாவிட்டால் ஒழுக்கம் நிற்குமா என்று பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவருகிறோம். கடந்த இருபது ஆண்டுகளில் உளவியலாளர்களும் மானுடவியலாளர்களும் இதை அளந்து பார்க்கக்கூடிய கேள்வியாக மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் கண்டது ஏறத்தாழ அந்தச் சுவரில் இருப்பதுதான் என்பது என் எண்ணம்: டைல்ஸ் வேலை செய்கிறது, டைல்ஸ் இருக்கும் தூரம்வரை.

நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்ட மிரட்டல் ஒன்று உண்டு. தப்புப் பண்ணினால் சாமி கண்ணைக் குத்தும். சாமி உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அம்மா பார்க்காததையும் பார்க்கிறது, தண்டனையும் கொடுக்கும் என்கிற முழுத் தத்துவத்தையும் இந்தச் சின்ன வாக்கியத்துக்குள் அடைத்துவிட்டார்கள் நம் பாட்டிகள். ஆரா நோரன்சயான் என்ற உளவியலாளர் முன்வைத்த கருதுகோளின் சாரமும் இதுதான். நூறு பேர் வாழும் கூட்டத்தில் ஒருவன் ஏமாற்றினால் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். ஊர் நகரமாகி, முகம் தெரியாதவனோடு கொடுக்கல் வாங்கல் தொடங்கியபோது, யாரும் பார்க்காத இடத்தையும் பார்க்கிற ஒரு கண் தேவைப்பட்டது. எல்லாம் அறிந்து தண்டிக்கும் கடவுள் அந்த வேலையைச் செய்தார், அதனால் அப்படிப்பட்ட நம்பிக்கை கொண்ட சமூகங்கள் பெருகின என்கிறது அந்தக் கருதுகோள்.

வெறும் கண்ணுக்கே அந்தச் சக்தி உண்டா? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நடந்து 2006இல் வெளியான சிறிய சோதனை இதைத்தான் பார்த்தது. ஊழியர்கள் தாங்களே டீ போட்டுக் குடித்துவிட்டு உண்டியலில் காசு போடும் இடம் அது. மேலே ஒட்டிய விலைப்பட்டியலில் ஒரு வாரம் பூப்படம், மறுவாரம் இரண்டு கண்களின் படம். கண் இருந்த வாரங்களில் விழுந்த காசு, பூ இருந்த வாரங்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உலகம் முழுக்கப் பேசப்பட்ட முடிவு. ஆனால் பிற்பாடு பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, கண்படம் மக்களைத் தாராளமாக்குகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. காகிதக் கண்ணுக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறோம். நம்புகிற கண் வேறு.

அந்த வேறுபாட்டை அளக்க ஒரு விளையாட்டைப் பயன்படுத்தினார்கள் பெஞ்சமின் புர்சிக்கியும் அவருடன் சேர்ந்தவர்களும். விளையாட்டின் நேர்த்தியை நிதானமாகப் பார்க்க வேண்டும். உங்கள் முன்னால் 30 காசும் இரண்டு கிண்ணமும் வைக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் விழுவது உங்களுக்கு. மற்றது, தொலைதூர ஊரில் இருக்கும், நீங்கள் பார்த்தே இராத, உங்கள் மதத்துக்காரர் ஒருவருக்கு. ஒவ்வொரு காசுக்கும் முன்னால் எந்தக் கிண்ணம் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு நிறம் பூசிய பகடையை உருட்ட வேண்டும். ஒரு நிறம் விழுந்தால் நினைத்த கிண்ணத்தில் போடுங்கள். இன்னொரு நிறம் விழுந்தால் மற்றதில். அறையில் வேறு யாரும் இல்லை. நீங்கள் எதை நினைத்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். இந்த ஒரு காசில் ஏமாற்றினாய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் எல்லோரும் நேர்மையாக ஆடினால் கிண்ணத்துக்குச் சராசரி 15 காசு விழ வேண்டும். தனி மனிதனின் பொய் மறைந்துவிடும்; கூட்டத்தின் பொய் கணக்கில் தெரிந்துவிடும்.

எட்டுச் சமூகங்களில் 591 பேர் இதை ஆடினார்கள். ஃபிஜியின் யசாவா தீவினர், மொரீஷியஸ் இந்துக்கள், வனுவாட்டுவின் தான்னா தீவினர், சைபீரியாவின் தூவா மக்கள், தான்சானியாவின் ஹாட்சா வேட்டைக்காரர்கள் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கூட்டங்கள். முடிவு 2016இல் நேச்சர் இதழில் வந்தது. தம் கடவுள் மனித எண்ணங்களை அறிந்தவர், தண்டிப்பவர் என்று எவ்வளவு உறுதியாக நம்பினார்களோ அவ்வளவுக்குத் தூரத்து மதத்தவரின் கிண்ணத்தில் காசு கூடுதலாக விழுந்தது. கடவுள் நல்லது செய்தவருக்குப் பரிசு தருவார் என்ற நம்பிக்கையால் இதை விளக்க முடியவில்லை. பாட்டிகள் கண்ணைக் குத்தும் சாமியைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை.

ஆனால் அந்தக் கிண்ணம் யாருடையது என்பதை மறந்துவிடக் கூடாது. அது முகம் தெரியாதவனுடையது, அதே சமயம் நம் மதத்தவனுடையது. தெருவைத் தாண்டி, கடலைத் தாண்டி நம்பிக்கை நீள்கிறது; மதத்தின் வேலியைத் தாண்டியதா என்பதை அந்தச் சோதனை கேட்கவில்லை.

மாரெட்பள்ளியில் விடியற்காலை ஐந்தரைக்கு மாடியில் நின்றால் பாங்கு ஒரு பக்கம், கோயில் ஒலிபெருக்கியில் சுப்ரபாதம் இன்னொரு பக்கம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமையானால் மாதா கோயில் மணியும் சேரும். இந்த ஒலிகள் மனசை என்ன செய்கின்றன என்று மொராக்கோவின் மராகேஷ் நகரக் கடைத்தெருவில் எரிக் துஹெய்ம் என்பவர் சோதித்து 2015இல் எழுதினார். கடைக்காரர்களிடம் ஒரு தெரிவு கொடுத்தார்: கொஞ்சம் பணத்தைத் தனக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது தனக்கு எதுவும் இல்லாமல் பெரிய தொகை தர்மத்துக்குப் போகச் செய்யலாம். பாங்கு காதில் விழும் வேளையில் கேட்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் முழுத் தர்மத்தைத் தேர்ந்தார்கள். பாங்கு ஒலிக்காத வேளையில் அப்படிச் செய்தவர்கள் பத்தில் ஆறு பேர்தான். அதே ஊர், அதே மதம், அதே மாதிரி மனிதர்கள். வேறுபட்டது நேரம் மட்டுமே.

இதைப் படித்தபிறகு, பக்தி என்பது ஒருவரிடம் இருக்கிற குணம் என்று நினைப்பதை நான் குறைத்துக்கொண்டேன். அது வந்து வந்து போகிற கவனம். மணி அடிக்கிறது, நினைவு வருகிறது, மணி ஓய்கிறது, கடை திறக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை, ஆறு கால பூஜை, வாரம் ஒரு ஆராதனை என்று எல்லா மதமும் நேரத்தைத் துண்டு போட்டு வைத்திருப்பதன் பயன் இதுவாக இருக்கலாம். நினைவூட்டாவிட்டால் மனிதன் மறந்துவிடுவான் என்பதை, ஆய்வுக்கூடம் இல்லாமலே அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

கேட்பது ஒரு வகை. நோவது இன்னொரு வகை. மாரெட்பள்ளித் தமிழர்கள் ஆடிக் கிருத்திகைக்குப் போகும் இடம் பக்கத்துப் பத்மாராவ் நகரிலுள்ள ஸ்கந்தகிரி முருகன் கோயில். காவடிகள் வரிசையாகப் படியேறும்போது, நான் பார்ப்பது பெரும்பாலும் காவடி எடுப்பவரின் முகத்தை அல்ல, அவர் பின்னால் வருபவர்களின் கைகளை. ஒரு வருடம் பன்னிரண்டு வயது இருக்கும் பையன் ஒருவன், கன்னத்தில் வேல் குத்திய தன் அப்பாவின் முதுகில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமலே அத்தனை படியும் ஏறி வந்தான். உச்சியில் கையை எடுத்தபோது அந்த இடத்தில் சட்டையில்லா முதுகில் விபூதி கரைந்து கைவிரல் அச்சு தெரிந்தது.

மொரீஷியஸ் தமிழர்கள் தைப்பூசத்துக்கு எடுக்கும் காவடியைத் திமித்ரிஸ் சிகாலடாஸ் என்ற மானுடவியலாளர் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்தவர். 2013இல் வெளியான அவரது ஆய்வில், சாதாரண வழிபாட்டை முடித்து வந்தவர்களுக்கும், அலகு குத்திக் காவடி எடுத்து முடித்தவர்களுக்கும், அவர்களோடு நடந்தவர்களுக்கும் தலைக்கு 200 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு, விரும்பினால் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்று தனி மறைவிடம் ஒன்றைக் காட்டினார்கள். வழிபட்டு வந்தவர்கள் சராசரியாக 80 ரூபாய் போலக் கொடுத்தார்கள். காவடி எடுத்தவர்கள் 130க்கு மேல். கூட நடந்தவர்கள் அதையும் மிஞ்சி 160 அளவுக்கு. வலி அதிகம் என்று உணர்ந்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள். இன்னொன்றும் தெரியவந்தது: அந்தக் கடும் சடங்கில் கலந்தவர்கள் தங்களை மொரீஷியஸ்காரர்கள் என்ற விரிந்த அடையாளத்தோடு கூடுதலாக இணைத்துக்கொண்டார்கள். வேலி இறுகும் என்று எதிர்பார்த்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

நேர்த்திக்கடன் என்ற சொல்லை நாம் கவனிக்காமலே புழங்குகிறோம். அது கடன். யாரும் எழுதி வாங்காத, யாரும் வசூலிக்க வராத கடன். அதை உடம்பை வருத்தி அடைப்பவனை ஊர் பார்க்கிறது. தென் தமிழகத்தின் இரண்டு கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த எலினார் பவர், பூக்குழி இறங்குவோரையும் அலகு குத்துவோரையும் தவறாமல் கோயிலுக்குப் போவோரையும் பற்றி ஊரார் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார். பக்திமான் என்பதோடு நிற்கவில்லை. நல்ல குணம் உள்ளவர், கேட்டால் உதவுவார் என்றும் அவர்களைச் சொன்னார்கள். கைமாற்று கேட்பது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போன்ற உதவி உறவுகளும் அவர்களுக்கு அதிகம் இருந்தன. அவ்வளவு பெரிய கடனை அடைத்தவன் என் சின்னக் கடனை மறக்கமாட்டான் என்று ஊர் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்து, பக்தர்கள் நல்லவர்கள், மற்றவர்கள் மட்டம் என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது தவறு. 2014இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேரின் கைப்பேசிக்கு நாளில் பலமுறை செய்தி அனுப்பி, கடந்த ஒரு மணி நேரத்தில் நல்லதோ கெட்டதோ செய்தீர்களா, பார்த்தீர்களா என்று கேட்டார்கள். மதப்பற்று உள்ளவர்களும் இல்லாதவர்களும் செய்த நற்செயல்களின் அளவில் வேறுபாடு இல்லை. எதிர்ப்பக்கம் அவசரப்பட்டவர்களும் உண்டு. மதப்பற்றுள்ள வீட்டுக் குழந்தைகளுக்குப் பகிரும் குணம் குறைவு என்று 2015இல் வந்த கட்டுரை ஒன்று பெரிய செய்தியானது. நாடுகளைக் கணக்கில் சேர்த்த விதத்தில் பிழை இருந்ததால் 2019இல் திரும்பப் பெறப்பட்டது. பெரிய சமூகங்கள் முதலில் தோன்றின, தண்டிக்கும் கடவுள்கள் பிறகே வந்தார்கள் என்று 2019இல் நேச்சரில் வந்த கட்டுரையும் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. சான்று இல்லாத காலத்தைக் கடவுள் இல்லாத காலமாக எண்ணிவிட்டார்கள் என்ற விமர்சனம் அதன் அடித்தளத்தையே அசைத்தது. ஒரு துறை தன் தவறைப் பொதுவில் ஒப்புக்கொள்வதும் நேர்மையின் ஒரு வகைதான். மதமும் ஒழுக்கமும் பற்றிய ஆய்வில் அதைப் பார்ப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

அப்படியானால் நியாய உணர்வு எங்கிருந்து வருகிறது? மதத்துக்கு முன்பே அது இருந்தது என்பதற்குக் குரங்குகள் சாட்சி. 2003இல் சாரா பிராஸ்னனும் பிரான்ஸ் டி வாலும் கபுச்சின் குரங்குகளுக்குச் சின்ன வேலை கொடுத்துக் கூலியாக வெள்ளரித்துண்டு தந்தார்கள். பக்கத்துக் குரங்குக்கு அதே வேலைக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்ததும், அதுவரை வாங்கித் தின்ற வெள்ளரியை மறுத்தன. குரங்குக்கு இருப்பது அறம் என்று நான் சொல்லமாட்டேன். தனக்குக் குறைந்தால் கோபப்படுவது பாதி வழிதான். அடுத்தவனுக்குக் குறைந்தாலும் கோபப்படுவதற்கு மனிதக் குழந்தை வேண்டும்.

அதற்கான அழகான சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. மதக் கலவரங்களைக் கண்ட குஜராத்தில், 9 முதல் 15 வயது வரையிலான இந்து, முஸ்லிம் குழந்தைகளிடம் மகேஷ் சீனிவாசனும் உடன் ஆய்வாளர்களும் பேசி 2019இல் எழுதினார்கள். இந்து விதிகளை யார் பின்பற்ற வேண்டும்? இந்துக்கள். முஸ்லிம் விதிகளை? முஸ்லிம்கள். அடுத்தவரை அடிப்பது? அது யாருக்கும் தப்பு. இரு தரப்புக் குழந்தைகளும் இப்படித்தான் பிரித்தார்கள். தங்கள் விதியை அடுத்த வீட்டின்மேல் சுமத்தவில்லை. அடிக்கக் கூடாது என்ற விதிக்கு மட்டும் வேலி போடவில்லை.

பெரியவர்களிடம் இந்தப் பிரிவினை இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ரிச்சர்ட் ஷ்வேடரும் மனமோகன் மகாபாத்ராவும் ஜோன் மில்லரும் புவனேஸ்வரத்தில் 39 நிகழ்ச்சிகளைச் சொல்லி எது பெரிய தப்பு என்று கேட்டு, 1987இல் வெளியிட்டார்கள். அங்குள்ள பிராமணர்களுக்கு மிகக் கொடிய தப்புகளில் ஒன்றாகப் பட்டது, அப்பா இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி தின்றது. சொல்லாமல் சினிமாவுக்குப் போன மனைவியைக் கணவன் அடித்ததோ பலருக்குத் தவறாகவே படவில்லை. இதில் எனக்கு வலிப்பது முதலாவது அல்ல. துக்கம் காப்பதில் ஒரு ஆழமான நன்றி இருக்கிறது, அதை மதிக்க முடிகிறது. வலிப்பது, அடி வாங்கிய பெண் கணக்கிலேயே வராமல் போனது. குழந்தை கொண்டுவருகிற நியாய உணர்வை மதம் நீட்டவும் செய்கிறது, சில இடங்களில் மூடியும் விடுகிறது.

நாத்திகர்கள்மீது நமக்குள்ள சந்தேகத்தையும் இங்கே பேசியாக வேண்டும். 2017இல் இந்தியா உள்ளிட்ட 13 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், கொடூரக் கொலைகாரன் ஒருவனைப் பற்றிச் சொல்லி, அவன் யாராக இருக்கக்கூடும் என்று சுற்றிவளைத்துக் கேட்டார்கள். மதநம்பிக்கையாளனைவிட நாத்திகனோடு அவனை இணைக்கும் போக்கு ஏறத்தாழ இரு மடங்கு. அந்தச் சாய்வு நாத்திகர்களிடமும் இருந்தது. கண்ணைக் குத்தும் சாமி இல்லாதவனை எப்படி நம்புவது என்கிற பயம் அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது.

அந்தப் பயத்தோடு வாழ்நாள் முழுக்க மோதியவர் இந்தத் தெலுங்கு மண்ணின் கோபராஜு ராமச்சந்திர ராவ், சுருக்கமாகக் கோரா. தாவரவியல் ஆசிரியர். நாத்திகக் கருத்துக்காகவே கல்லூரி வேலையை இழந்தார். 1940இல் முதுனூரு கிராமத்தில் நாத்திக மையம் தொடங்கினார். அது பிறகு விஜயவாடாவுக்கு வந்தது. கடவுள் இல்லை என்றால் மனிதன் செய்வதற்கெல்லாம் மனிதனே பொறுப்பு, ஆகவே தீண்டாமைக்கு நானே பொறுப்பு என்பது அவர் வாதம். மேல்சாதியில் பிறந்த அவர் சேரிகளில் உட்கார்ந்து சாப்பிட்டார். மகள் மனோரமாவைத் தலித் இளைஞர் அர்ஜுன் ராவுக்குக் கொடுக்க முடிவு செய்தார். திருமணத்தைச் சேவாகிராமத்தில் நடத்தலாம் என்றார் காந்தி. ராமநாமத்தை மூச்சாகக் கொண்ட அவர், சடங்கில் கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாகச் சத்தியம் என்று வைக்கவும் ஒப்புக்கொண்டார். ஜனவரி 30 அன்று அவர் சுடப்பட்டார். 1948 மார்ச்சில், சொன்னபடியே சேவாகிராமத்தில், சத்தியத்தைச் சாட்சியாக வைத்துத் திருமணம் நடந்தது. ஆத்திகரும் நாத்திகரும் ஒரே பந்தலில் ஒரே சொல்லில் சந்தித்த அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசாட்சி என்ற நம் சொல் நினைவுக்கு வரும். அதுவும் ஒரு சாட்சிதான். பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணை உள்ளே கொண்டுபோய் வைத்த சொல்.

போன மார்கழியில் மாமாவின் வீட்டுப் பக்கம் போனபோது மின்கம்பத்து மூலை காய்ந்து கிடந்தது. கூடுதலாக டைல்ஸ் பதித்திருக்கிறார் என்று நினைத்தேன், பதிக்கவில்லை. எதிரில் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டில் பதினைந்து பேர் காலையிலிருந்து ராத்திரிவரை நிற்கிறார்கள், பக்கத்தில் கழிப்பறை எங்கும் இல்லை என்பதை அவரிடம் ஒரு டிரைவர் சொல்லியிருக்கிறார். "இத்தனை வருஷம் இதை நான் யோசிக்கவே இல்லை பாருங்கோ" என்றார் மாமா. பின்பக்கம் வேலைக்காரர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய கக்கூஸ் பூட்டிக் கிடந்தது. அதைச் சுத்தம் பண்ணி, குழாய் மாற்றி, சந்துப் பக்கக் கதவின் பூட்டை எடுத்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். சுவரில் படம் ஏதும் இல்லை, போர்டும் இல்லை. நீல நிறப் பிளாஸ்டிக் வாளி, கைப்பிடி உடைந்த குவளை, மூலையில் ஒரு துடைப்பம். தரை ஈரமாக இருந்தது, அப்போதுதான் யாரோ வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாளியில் தண்ணீர் விளிம்புவரை நிரம்பியிருந்தது.